கீமோ நாட்களில் சாப்பாடும் தண்ணீரும்: கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோதெரபி சிகிச்சை எடுப்பவருக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது ஒரு காலண்டர். மருந்து ஏற்றிய நாளை முதல் நாள் என்று குறியுங்கள். பல சிகிச்சைத் திட்டங்களில் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். மூன்று வார இடைவெளி என்றால் அதற்குள் உடம்பு ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். முதல் நான்கைந்து நாள் குமட்டலும் வாந்தியும். ஏழாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் காலம். வாய்ப்புண்ணும் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். அதன் பிறகு, அடுத்த மருந்துக்கு முன்னால், கொஞ்சம் பசி திரும்பும் சில நாட்கள் கிடைக்கும். வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மருந்து ஏற்றுபவர்களுக்கும் தினமும் மாத்திரையாக எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அவர்களுடைய தடத்தை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவதுண்டு. மூன்றாம் நாளில் "ஒரு வாயாவது சாப்பிடுங்க" என்று மல்லுக்கட்டிக் களைத்துப்போகிறார்கள். மூன்றாவது வாரத்தில் அவர் தானாகவே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததும் நிம்மதியாகிச் சாதாரணச் சாப்பாட்டோடு விட்டுவிடுகிறார்கள். மோசமான நாட்களில் நீர்ச்சத்து குறையாமல் காப்பாற்றினாலே பெரிய வேலை முடிந்தது. இழந்த எடையை மீட்பது நல்ல நாட்களில். உங்கள் தெம்பை அதற்கு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை

மருந்துகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். சாப்பாட்டு விதிகள் மருந்துக்கு மருந்து மாறுகின்றன. ஒருவருக்கு நல்லதைச் செய்த யோசனை இன்னொருவருக்குத் தொந்தரவாக முடியும்.

ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியிருந்தால் அடுத்த சில நாட்களுக்கு ஐஸ், குளிர்ந்த பானம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எதுவும் கூடாது. குளிர்ச்சி பட்டதும் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது போலத் தோன்றும், விரல்களில் ஊசி குத்தும். குமட்டலுக்குக் குளிர்ந்த பானம் நல்லது என்று எங்கோ கேட்டுவிட்டு இவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு ஆகியவை சிறுநீர்ப்பையை உறுத்தும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இவற்றை ஏற்றும் நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். கேப்சிட்டபின் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டெமோசோலோமைடு பெரும்பாலும் வெறும் வயிற்றில். டாக்ஸோரூபிசின் ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம்.

வைட்டமின் மாத்திரை, மூலிகைப் பொடி, யாரோ நல்லெண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்த சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கேப்சிட்டபினோடு ஃபோலிக் அமில மாத்திரை சேர்ந்தால் பக்கவிளைவு கூடும். கிரேப்ஃப்ரூட் பழமும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) அதன் சாறும் சில மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவை மாற்றிவிடும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு இருந்தால் இங்கே வரும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மருத்துவரோ டயட்டீஷியனோ சொல்லும் அளவுதான் உங்களுக்கு.

எவ்வளவு தேவை என்பதை எண்ணில் வையுங்கள்

"நல்லா சாப்பிடணும்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1500 முதல் 1800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம் என்று வரும். திரவம் எல்லாம் சேர்த்துச் சுமார் 2 லிட்டர். பால், கஞ்சி, சூப், பழச்சாறு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

எடை பார்ப்பது வாரம் இரண்டு முறை போதும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே எடைக் கருவியில். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ குறைந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறி, கணுக்கால் வீங்கினால் அது சதை போட்டதல்ல, உடம்பில் நீர் கோத்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்ற பயத்தில் சோறு, பழம், இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள் சிலர். எடை குறைந்துகொண்டிருப்பவருக்கு இது நேரடியான கெடுதல். உடம்பிலுள்ள எல்லா செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சாப்பாட்டில் சர்க்கரையை நிறுத்திப் புற்றுநோயைப் பட்டினி போட முடியாது. பட்டினி கிடப்பது அவர்தான்.

சிறிய கிண்ணத்தில் அடர்த்தியாக

ஒரு நாளில் மூன்று வேளை என்ற பழக்கத்தை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறிலிருந்து எட்டு தடவை கொடுங்கள். பெரிய தட்டில் வைத்த சாப்பாட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே சிலருக்கு வயிறு மூடிக்கொள்ளும். சின்னக் கிண்ணத்தில் நான்கைந்து ஸ்பூன் வையுங்கள். முடித்தால் இன்னொரு கிண்ணம். பலருக்கும் காலையில்தான் பசி நன்றாக இருக்கும், அதனால் அன்றைய கனமான உணவைக் காலைக்கு மாற்றுங்கள்.

அளவு கூடாமல் சத்து கூட வேண்டும். இதற்கு மிக எளிதான வழி செறிவூட்டிய பால். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி இளஞ்சூட்டுக்கு ஆற வையுங்கள். 4 மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் பாலை ஊற்றிக் கட்டி இல்லாமல் குழைத்த பிறகு மீதிப் பாலில் கலக்குங்கள். கொதிக்கிற பாலில் பவுடரை நேரடியாகக் கொட்டினால் திரிதிரியாகக் கட்டி தட்டும், வாய்ப்புண் இருப்பவர் அதை விழுங்கமாட்டார். சாதாரணப் பாலில் அரை லிட்டருக்குச் சுமார் 16 கிராம் புரதம். இப்போது அது 26 கிராமை நெருங்கிவிடும். இந்தப் பாலையே கஞ்சிக்கும் சூப்புக்கும் மசித்த உருளைக்கிழங்குக்கும் பயன்படுத்துங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செறிவூட்டிய பால் அரை லிட்டர் 26 கிராம். இரண்டு முட்டை 12. ஒரு கப் தயிர் 7. நன்றாக வெந்த கெட்டிப் பருப்பு அரை கப் 9. மொத்தம் 54. சோறு, ரொட்டி, கஞ்சியிலிருந்து வருவதையும் சேர்த்தால் 60 தாண்டும். இதில் மெல்ல வேண்டியது எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கலோரிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் 40 கூடும். நிலக்கடலை வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 90க்கு மேல் கலோரியும் 4 கிராம் புரதமும் இருக்கும். குமட்டல் நாட்களில் மட்டும் எண்ணெய்ப் பண்டங்களைத் தவிருங்கள், கொழுப்பு வயிற்றில் நேரம் தங்கிக் குமட்டலைக் கூட்டும்.

நாலைந்து நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர் திடீரென்று பசிக்கிறது என்றால் சந்தோஷத்தில் வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். காய்ந்து கிடந்த உடம்பில் சத்து சட்டென்று ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் தடாலென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும்.

தண்ணீர்: மடக்கு மடக்காக

ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மறுக்க மாட்டார். மணிக்கு 120 மில்லி ஆயிற்று. விழித்திருக்கும் 12 மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, வெளியே டேப் ஒட்டி, இந்தக் கோட்டுக்கு 10 மணி, இந்தக் கோட்டுக்கு 1 மணி என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு தடவையும் "குடிச்சீங்களா" என்று கேட்க வேண்டியதில்லை. பாட்டிலே சொல்லும்.

சாப்பாட்டோடு சேர்த்து நிறையத் தண்ணீர் வேண்டாம். வயிறு நிரம்பிவிடும். அரை மணி முன்போ அரை மணி பின்போ கொடுங்கள். வெறும் தண்ணீர் இரும்பு மாதிரி ருசிக்கிறது என்பார்கள். எலுமிச்சைத் துண்டு ஒன்றை மிதக்கவிடலாம், வாய்ப்புண் இல்லை என்றால் மட்டும்.

வாந்தி எடுத்துவிட்டால் உடனே எதையும் வாயில் வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ஒரு மணி நேரம் தங்கினால் அளவை இரட்டிப்பாக்குங்கள். திரும்ப வாந்தி வந்தால் மறுபடி முதலிலிருந்து. வாந்தியோ பேதியோ இருக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது, போன உப்பும் திரும்ப வர வேண்டும். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். ருசிக்காகத் தண்ணீரைக் குறைப்பதும் சர்க்கரை சேர்ப்பதும் பேதியைக் கூட்டும். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவில் கண்ணளவு வேண்டாம். கூடினால் ஆபத்து. 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் நீர்ச்சத்து போதும். அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் உடம்பு வறண்டுகொண்டிருக்கிறது.

குமட்டல்

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாந்தி மாத்திரையை "குமட்டினா போட்டுக்கலாம்" என்று மிச்சம் பிடிப்பது. சில மருந்துகளில் குமட்டல் மறுநாளோ மூன்றாம் நாளோதான் உச்சத்துக்கு வரும். மணி பார்த்துப் போடச் சொன்ன மாத்திரையைக் குமட்டல் இல்லாவிட்டாலும் மணி பார்த்தே போட வேண்டும். வந்த குமட்டலை அடக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது. தேவைப்பட்டால் போடுங்கள் என்று கொடுத்ததைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், போன் செய்யுங்கள். வேறு வகை மாத்திரைகள் இருக்கின்றன, சேர்த்தும் கொடுப்பார்கள்.

வாசனைதான் பாதிக் குமட்டல். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள். சுடச்சுட இருக்கும் சாப்பாட்டில் ஆவியோடு வாசனையும் எழும், அறைச் சூட்டுக்கு ஆறிய உணவில் அது குறைவு. பாத்திர மூடியை அவர் அறைக்கு வெளியே திறந்து, முதல் ஆவி போன பிறகு உள்ளே கொண்டுபோங்கள். சூப்பை மூடியுள்ள கோப்பையில் ஊற்றி ஸ்ட்ரா வைத்துக் கொடுத்தால் மூக்கில் ஏறாது. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்கும் முன்பே இரண்டு பிஸ்கட்டோ உலர்ந்த ரொட்டித் துண்டோ மெல்லட்டும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டாம், தலையணை அடுக்கிச் சாய்ந்திருக்கலாம்.

அவருக்கு உயிரான பலகாரத்தை முதல் மூன்று நான்கு நாளில் செய்து கொடுக்காதீர்கள். ஆசையாகத்தான் செய்வீர்கள். ஆனால் வாந்தியோடு அந்த ருசி மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டால், சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பண்டத்தை அவரால் தொட முடியாமல் போகலாம். அதை நல்ல நாட்களுக்கு வையுங்கள்.

வாய்

ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன் உப்பு. இதைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வெறும் தண்ணீரால் ஒருமுறை அலச வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும்போதும். புண் வந்த பிறகு தொடங்குவதைவிட முதல் நாளிலிருந்தே செய்வது நல்லது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். பிரஷ் மிக மென்மையானதாக இருக்கட்டும்.

புண் வந்துவிட்டால் புளிப்பு, காரம், மொறுமொறுப்பு, சூடு நான்கையும் நிறுத்துங்கள். மசித்தது, குழைத்தது, குழம்போடு நனைந்தது, தயிர், ஆறிய கஞ்சி, மென்மையாக வேகவைத்துக் கலக்கிய முட்டை. வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. மரத்துப்போக வைக்கும் ஜெல் என்றால் எத்தனை நிமிடம் கழித்துச் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரத்த வாயில் கன்னத்தைக் கடித்துக்கொள்வதும் புரையேறுவதும் நடக்கும். நாக்கில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து உண்டு.

ருசி மாறுவது பிடிவாதமோ சாக்கோ இல்லை. நாக்கின் சுவை செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுபவை, வேகமாக வளரும் செல்களைத்தான் கீமோ தாக்குகிறது. இரும்பு ருசி என்றால் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துவிட்டு மரக்கரண்டியோ பிளாஸ்டிக் ஸ்பூனோ கொடுங்கள், கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறுங்கள். இறைச்சி கசக்கிறது என்றால் முட்டை, பருப்பு, பாலாடைக்கட்டி. இன்று துப்பியதை ஒரு வாரம் கழித்து ஒரு ஸ்பூன் மட்டும் திரும்பக் காட்டிப் பாருங்கள்.

வயிறு

வாந்தி மாத்திரையும் வலி மாத்திரையும் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலச்சிக்கல் பசியைக் கொல்லும். மூன்று நாள் போகாமல் இருந்தால் சொல்லுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தை எடுப்பவருக்கு வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் இருந்தால் அன்றே சொல்லுங்கள். நீங்களாக எனிமா, ஆசனவாய் மாத்திரை எதுவும் வைக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்த நேரத்தில் அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துக்குப் போய்விடும். பேதி என்றால் பாலை நிறுத்திவிட்டுத் தயிர், சாதக் கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, கூடவே ஓஆர்எஸ். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சுத்தம்

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். முக்கியமாகச் சோறு. ஆறிய சோற்றில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும். எடுத்ததை நடுவில் ஆவி பறக்கும் வரை சூடாக்கி, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். அரைவேக்காட்டு முட்டை, பச்சை மீன், காய்ச்சாத பால், முளைகட்டிய பயறைப் பச்சையாக, இவை வேண்டாம். பழம் கழுவி, தோல் உரித்துக் கொடுக்கலாம்.

எப்படிக் கேட்பது

"என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் வரும். யோசிப்பதற்கே அவருக்குத் தெம்பு இருக்காது. "கஞ்சி தரட்டுமா, தயிர் தரட்டுமா?" என்று கேளுங்கள். கை எட்டும் தூரத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் எதையாவது சாப்பிடுங்கள். எத்தனை ஸ்பூன் போயிற்று என்று வாய்விட்டு எண்ணாதீர்கள். மூன்றாவது ஸ்பூனில் கை நின்றுவிட்டது, கிண்ணத்தை அரை அங்குலம் தள்ளி வைக்கிறார். அவ்வளவுதான், முடிந்தது. இருபது நிமிடம் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். "உங்களுக்காகத்தானே செஞ்சேன்" என்ற ஒரு வார்த்தை அடுத்த வேளைக்கும் சேர்த்துக் கசப்பை ஏற்றிவிடும். சாப்பிடாதது உங்கள் சமையலின் குறையும் இல்லை, அவருடைய மனவுறுதியின் குறையும் இல்லை.

உடனே போன் செய்ய வேண்டியவை

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனை. பாராசிட்டமாலைப் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிடாதீர்கள், முதலில் அளந்து, கேட்ட பிறகே மாத்திரை. 24 மணி நேரம் குடித்தது எதுவும் தங்காவிட்டால், 8 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், பேதி வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் கூடினால், வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால், விழுங்கும்போது ஒவ்வொரு தடவையும் புரையேறினால், பேச்சு குழறி மயக்கமாக இருந்தால், இவற்றில் ஒன்று போதும். ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதை வீட்டில் ஸ்பூனால் சரிசெய்ய முடியாது.

நோட்டில் தினமும் நான்கு வரி எழுதுங்கள்: எத்தனையாம் நாள், எவ்வளவு குடித்தார், எதைச் சாப்பிட முடிந்தது, எத்தனை தடவை வாந்தி அல்லது பேதி. அடுத்த மருந்துக்குப் போகும்போது அதை மருத்துவரிடம் நீட்டுங்கள். மூன்றாம் நாள் மாலைதான் வாந்தி கூடுகிறது என்று அந்தப் பக்கத்தில் தெரிந்தால், அதற்கேற்ப வாந்தி மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாற்றித் தருவார்கள்.